நாளிதழும் வானொலியும் விளம்பரமும்: இணையம் வந்தபின் பணம் எந்த வழியாகப் போகிறது?

ஒரு நாளிதழ் எதை விற்றுப் பிழைக்கிறது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் "செய்தியை" என்பார்கள். அது பாதிதான் சரி. நாம் கடையில் கொடுக்கும் காசு தாளுக்கும் மைக்கும் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் ஓரளவு உதவும். செய்தியாளர் சம்பளம், அச்சகம், அலுவலகம் என்று மிச்சச் செலவையெல்லாம் பல காலமாகச் சுமந்துவந்தது விளம்பரம். ஆகவே நாளிதழுக்கு எப்போதும் இரண்டு வாடிக்கையாளர்கள். ஒருவர் செய்தி படிக்கும் வாசகர். இன்னொருவர் அந்த வாசகரின் கண்ணில் படவேண்டும் என்பதற்காகப் பணம் கொடுக்கும் வியாபாரி. விளம்பரத்தில் ஓடும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் இதே கணக்குதான், அங்கே நேயர் காசு கொடுப்பதே இல்லை.

இதைப் பிடித்துக்கொண்டால் இணையம் வந்தபின் நடந்தது பாதி புரிந்துவிடும். "இப்பல்லாம் யார் படிக்கிறாங்க" என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயிலில் ஏறிப் பாருங்கள், பெட்டி முழுக்கப் படித்துக்கொண்டும் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும்தான் இருக்கிறார்கள். உடைந்துபோனது வாசகரையும் வியாபாரியையும் ஒரே பக்கத்தில் சந்திக்கவைத்த அந்தப் பழைய ஏற்பாடு.

சிங்கப்பூரில் அந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். 1887இலேயே இங்கே 'சிங்கை நேசன்' என்ற தமிழ் இதழ் வந்திருக்கிறது. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு 2025இல் 90 ஆண்டுகளைத் தொட்டது. தொலைக்காட்சி 1963இல் வந்தது. இத்தனை காலமும் சிராங்கூன் சாலையில் சேலைக்கடை வைத்திருக்கும் ஒருவர் தீபாவளிக்கு முன்னால் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு சேதி சொல்லவேண்டும் என்றால் அவருக்கு இருந்த வழிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்: நாளிதழில் கால் பக்கம், வானொலியில் முப்பது விநாடி, வசதியிருந்தால் தொலைக்காட்சி, இல்லாவிட்டால் ஆள் வைத்துத் துண்டுப் பிரசுரம். கூட்டம் ஊடகத்தின் கையில் இருந்தது, அதனால் விலை சொல்பவரும் ஊடகக்காரராகவே இருந்தார்.

கூட்டத்தை எப்படிச் சேர்த்தார்கள்? கல்யாணப் பந்தியில் இலை போடுவதுபோலத்தான். ஒரே இலையில் உலகச் செய்தி, உள்ளூர்ச் செய்தி, விளையாட்டு, ராசிபலன், சினிமா, மாணவர் பக்கம், மரண அறிவிப்பு எல்லாம் இருக்கும், பாயசம் மட்டும் போதும் என்பவருக்கும் முழு இலைதான். ராசிபலன் பார்க்க வந்தவர் சேலை விளம்பரத்தையும் பார்த்தார், அந்த விளம்பரத்தில் வந்த காசு நாடாளுமன்றத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து குறிப்பெடுத்த செய்தியாளரின் சம்பளத்துக்கும் போனது. நான் இதை ஓர் அருமையான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். தனியாக விற்றால் விலைபோகாத, ஆனால் ஒரு சமூகத்துக்கு அவசியமான செய்திகள் இப்படித்தான் நூறாண்டுக்கும் மேலாகத் தாக்குப்பிடித்தன.

இணையம் வந்து அந்த இலையில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனது.

முதலில் போனது வரி விளம்பரம்

வேலைக்கு ஆள் தேவை, அறை வாடகைக்கு, பழைய கார் விற்பனைக்கு என்று நாலு வரியில் வருமே, அதுதான் வரி விளம்பரம். பார்க்கச் சின்னது, உலகெங்கும் நாளிதழ்களின் வருமானத்தில் மிகப் பெரிய தூண்களில் ஒன்று. ஆங்கில நாளிதழான ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் சனிக்கிழமைகளில் இந்த விளம்பரங்களால் கனமாக வந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். தேடுபவர் பக்கமிருந்து பார்த்தால் இதற்குத் தாளைவிட இணையம் எல்லா வகையிலும் மேல்: விலை, வட்டாரம், அறை எண்ணிக்கை சொல்லி வடிகட்டலாம், பத்துப் படம் பார்க்கலாம், பொருள் விற்றுவிட்டால் உடனே எடுத்துவிடலாம். ஆகவே வீட்டு விளம்பரங்கள் 2007இல் தொடங்கிய புராப்பர்ட்டிகுரு போன்ற தளங்களுக்குப் போயின. கட்டிலும் அலமாரியும் பழைய கைப்பேசியும் 2012இல் இங்கேயே மூன்று இளையர்கள் தொடங்கிய கரோசலுக்குப் போயின. வேலை விளம்பரங்களுக்கு ஜாப்ஸ்திரீட் மாதிரி தளங்கள் வந்தன.

நாளிதழ் நிறுவனங்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸையும் தமிழ் முரசையும் அப்போது வெளியிட்டுவந்த எஸ்பிஎச் நிறுவனம் 2013இல் எஸ்ஜிகார்மார்ட் என்ற கார் விளம்பரத் தளத்தை 60 மில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கியது. கையைவிட்டுப் போகும் வருமானத்தைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கிய கதை இது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கார் வாங்க அந்தத் தளத்துக்கு வருபவர் நாடாளுமன்றச் செய்தி இருக்கும் பக்கத்தைத் தாண்டிப் போகவேண்டிய அவசியமே இல்லை. தளம் ஒரு வியாபாரம், செய்தி வேறொரு வியாபாரம் என்று ஆகிவிட்டது, ஒன்று மற்றொன்றை ஏன் சுமக்கவேண்டும் என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

தமிழ் நாளிதழில் இந்தச் சின்ன விளம்பரங்களின் முகம் கொஞ்சம் வேறு. மரண அறிவிப்பு, நினைவஞ்சலி, கோயில் திருவிழா, அமைப்புகளின் நிகழ்ச்சி, வாழ்த்து என்று சமூக அறிவிப்புகள் அதிகம். இவற்றுக்குப் போட்டியாக வந்தது எந்தப் பெரிய நிறுவனத்தின் தளமும் இல்லை, நம் வாட்ஸ்அப் குழுக்கள்தான். ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால் படம், புளோக் எண், மண்டாய் தகனச் சாலைக்குப் புறப்படும் நேரம் எல்லாம் போட்ட ஓர் அட்டை அன்றைக்கே உறவினர் கைகளில் எல்லாம் சுற்றிவந்துவிடுகிறது. ஆனாலும் குடும்பங்கள் நாளிதழிலும் போடுகின்றன. ஊரறியச் சொன்னதாக ஒரு பதிவு வேண்டும், வெட்டி எடுத்து வைத்துக்கொள்ள ஒரு துண்டு வேண்டும், குழுக்களில் இல்லாத பழைய நண்பர்களுக்கும் தெரியவேண்டும். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசுப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள், காசு கொடுத்துப் போட்ட அறிவிப்புகளும் விளம்பரங்களும்தான் அந்தக் காலத்து வாழ்க்கையைச் செய்திகளுக்கு இணையாக நமக்குக் காட்டுகின்றன. வாட்ஸ்அப் அட்டைகளை நாளைக்கு யார் எடுத்துவைத்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

ஒரு கிளிக்குக்கு எவ்வளவு?

இணைய விளம்பரம் தொடக்கத்தில் நாளிதழ் விளம்பரத்தின் நகலாகத்தான் இருந்தது. 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு என்ற அமெரிக்கத் தளத்தில் ஏடி அண்ட் டி நிறுவனத்துக்காக வந்த பட்டை விளம்பரத்தைத்தான் அந்த வகையில் முதல் பெரிய அடையாளமாகச் சொல்வார்கள்; பக்கத்தில் ஓர் இடம், அதற்கு ஒரு வாடகை, அவ்வளவுதான். அடிப்படையே மாறியது தேடலோடு விளம்பரம் சேர்ந்தபோது. கூகல் 2000இல் ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பர முறையைத் தொடங்கியது, இன்று அதன் பெயர் கூகல் ஆட்ஸ்.

சரி, அது எப்படி வேலைசெய்கிறது? நீங்கள் கைப்பேசியில் "பட்டுச் சேலை லிட்டில் இந்தியா" என்று தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கம் திறப்பதற்குள் அந்தச் சொற்களுக்காக ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடும். ஒரு கடை ஒரு கிளிக்குக்கு 1 வெள்ளிவரை தரத் தயார் என்று முன்பே சொல்லிவைத்திருக்கிறது, இன்னொன்று 80 காசு, மூன்றாவது 50 காசு. அதிகம் சொன்னவர்தான் மேலே வருவார் என்பது கட்டாயமில்லை. விளம்பரம் தேடலுக்குப் பொருத்தமானதா, தட்டினால் திறக்கும் பக்கம் உருப்படியாக இருக்கிறதா என்பதையும் கூகல் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது, ஆகவே நல்ல பக்கம் வைத்திருக்கும் 80 காசுக் கடை 1 வெள்ளிக் கடையை முந்தலாம். யாரும் தட்டாவிட்டால் காசு போகாது. ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக் மூன்றிலும் ஏலம் உண்டு, ஆனால் அங்கே யாரும் சேலையைத் தேடி வரவில்லை. பொழுதுபோக்க வந்தவர்களின் வயது, வட்டாரம், எதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பதையெல்லாம் வைத்து "இந்த மாதிரி ஆளுக்குக் காட்டு" என்று ஏலம் கேட்கப்படுகிறது. அங்கே ஆயிரம் முறை காட்ட இவ்வளவு என்ற கணக்கு அதிகம்.

சேலைக்கடைக்காரருக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று பாருங்கள். கால் பக்கம் போட்ட காலத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள், அதில் எத்தனை பேர் கடை வாசல்வரை வந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. இப்போது 50 வெள்ளி போட்டு இரண்டு நாள் பார்க்கலாம், படத்தை மாற்றலாம், சரக்குத் தீர்ந்தால் நிறுத்தலாம். ஈசூன் வட்டாரத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கும் ஒருவர் தன் வட்டாரத்துக்கு மட்டும் விளம்பரம் காட்டலாம். பழைய ஏற்பாட்டில் அவருக்கு இடமே இருந்ததில்லை. சிறு வியாபாரிக்கு இணையம் திறந்துவிட்ட கதவு நிஜமானது, அதை ஊடகத்தின் மேல் பாசம் வைத்திருக்கும் நானும் மறுக்கமாட்டேன்.

ஊடகத்தின் பக்கம் வேறு மாதிரி. தாளில் இடம் அளவானது, தொலைக்காட்சியில் நேரம் அளவானது, அந்த அளவுதான் அவற்றுக்கு விலை கொடுத்தது. இணையத்தில் இடத்துக்கு அளவே இல்லை, ஒவ்வொரு நிமிடமும் புதுப் பக்கங்கள் முளைக்கின்றன, அதனால் ஒரு பக்கத்தில் ஒரு விளம்பரத்தைக் காட்டுவதற்கான விலை மிகவும் சரிந்துவிட்டது. அச்சில் ஒரு வெள்ளி போனால் இணையத்தில் அதற்கு ஈடாக வருவது சில காசுகள்தான் என்று உலகெங்கும் பதிப்பாளர்கள் புலம்புவதன் காரணம் இது. அதோடு விளம்பரதாரருக்கு இனி செய்திப் பக்கமே தேவையில்லை. தமிழ் முரசைப் படிக்கும் அதே ஆளைச் சமையல் காணொளியிலோ கிரிக்கெட் செயலியிலோ மலிவாகப் பிடித்துவிடலாம். ஏலக்கூடம் கூகலிடமும் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மேட்டாவிடமும் இருக்கிறது, செய்தி எழுதுபவர் அதில் ஒரு சின்னப் பங்காளி. பல்லாண்டுக் காலம் ஒன்றையொன்று முந்தப் பார்த்த எஸ்பிஎச்சும், தொலைக்காட்சியும் வானொலியும் நடத்தும் மீடியாகார்ப்பும் 2018இல் கைகோத்து சிங்கப்பூர் மீடியா எக்ஸ்சேஞ்ச் என்ற கூட்டு விளம்பரச் சந்தையைத் தொடங்கியதே நெருக்கடி எவ்வளவு என்பதைச் சொல்லும்: தனித்தனியாக நின்றால் கூட்டம் பத்தாது, இருவர் வாசகரையும் சேர்த்துக் காட்டினால் விளம்பரதாரர் திரும்பிப் பார்க்கலாம் என்ற கணக்கு.

இங்கே புதியவர்கள் ஓர் எச்சரிக்கையை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். அளக்க முடிகிறது என்பதால் அளவு சரி என்று ஆகாது. 2016இல் ஃபேஸ்புக், காணொளிகளைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற எண்ணைத் தான் இரண்டு ஆண்டுகளாகக் கூட்டிக் காட்டிவந்ததாக ஒப்புக்கொண்டது. பழைய ஊடகமும் இதில் தூயது என்று சொல்ல முடியாது. 2020 செப்டம்பர் முதல் 2022 மார்ச் வரை எஸ்பிஎச் நாளிதழ்களின் விநியோக எண்ணிக்கை நாளொன்றுக்கு 85,000 முதல் 95,000 பிரதிகள்வரை கூடுதலாகக் காட்டப்பட்டது 2023இல் வெளியே வந்தது. எண்ணைத் தருபவரே அந்த எண்ணை வைத்துப் பிழைப்பவராகவும் இருந்தால், எந்தக் காலத்து ஊடகமாக இருந்தாலும் நாம் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டே ஆகவேண்டும்.

தமிழ் இணையத்தில் ஏற சிங்கப்பூர் பட்ட பாடு

ஆங்கில நாளிதழுக்கு இல்லாத ஒரு வேலை தமிழ் ஊடகத்துக்கு இருந்தது. எழுத்தே ஏறவேண்டும். 1990களில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துரு வைத்திருந்தார்கள், ஒருவர் ஏற்றியது இன்னொருவர் கணினியில் கட்டமும் கோடுமாகத் தெரியும். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றும் திட்டம் வந்தபோது அதில் தமிழைத் தமிழாகவே காட்டப் பாடுபட்டவர் நம் எழுத்தாளர், ஆசிரியர் நா. கோவிந்தசாமி. 1997 மே மாதம் தமிழ்நெட்97 மாநாடு நடந்ததும் இங்கேதான். இன்றைக்கு நாம் சர்வசாதாரணமாகத் தட்டச்சு செய்வதற்குப் பின்னால் இந்த ஊர் ஆட்களின் உழைப்பு இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த விஷயத்தைக் கடந்துபோக எனக்கு மனமில்லை.

இதற்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், நேரடிச் சம்பந்தம். பழைய எழுத்துருக்களில் இருந்த செய்தி தேடலில் கிடைக்காது, தேடலில் கிடைக்காத பக்கத்துக்கு ஆள் வராது, ஆள் வராத பக்கத்தில் விளம்பரம் வராது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு எல்லாரும் மாறியபின்தான் ஒரு தமிழ்ச் செய்தியை உலகின் எந்த மூலையிலிருந்தும் தேடிப் பிடிக்க முடிந்தது. அப்படியும் கூகலின் ஆட்சென்ஸ், அதாவது தளங்கள் தங்கள் பக்கத்தில் கூகல் விளம்பரங்களைக் காட்டிக் காசு பெறும் ஏற்பாடு, தமிழை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 2018இல்தான். ஆங்கிலத் தளங்களோடு ஒப்பிட்டால் பதினைந்து ஆண்டு தாமதம்.

சரி, ஊடகங்கள் என்ன செய்கின்றன?

ஒரு வழி, விளம்பரதாரரை நம்புவதைக் குறைத்து வாசகரிடமே கேட்பது. நியூயார்க் டைம்ஸ் 2011இல் இணையத்தில் சந்தா வைத்தபோது பலர் தலையை ஆட்டினார்கள், இன்று அதன் சந்தாதாரர்கள் 10 மில்லியனுக்கும் மேல். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் பல கட்டுரைகளைச் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறது. உலகம் முழுக்கப் படிக்கும் ஆங்கில நாளிதழுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். நமக்கு? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுபவர்கள் 2.5 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ நூறாயிரம் பேர். 2010இல் அது 3.3 விழுக்காடாக இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் ஊழியர்கள் இந்தக் கணக்கில் இல்லை, அவர்களும் பெரிய வாசகர் கூட்டம்தான், ஆனாலும் சந்தாவை மட்டும் நம்பி ஒரு முழு நாளிதழ் நடத்த இந்த எண்கள் போதாது என்று சொல்ல நிபுணர் தேவையில்லை.

இன்னொரு வழி பொதுப் பணம். முன்பு வீட்டுக்கு ஆண்டுக்கு 110 வெள்ளி தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கட்டினோம், 2011இல் அது ஒழிக்கப்பட்டது; பொதுச் சேவை நிகழ்ச்சிகளுக்கு இப்போது அரசாங்க நிதி போகிறது. நாளிதழ்கள் 2021 டிசம்பரில் எஸ்பிஎச்சிடமிருந்து பிரிந்து, லாப நோக்கமில்லாத எஸ்பிஎச் மீடியா டிரஸ்ட்டுக்கு மாறின. ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 180 மில்லியன் வெள்ளிவரை தரப்படும் என்று 2022இல் அரசாங்கம் அறிவித்தது. ஆங்கிலம், சீனம், மலாய் நாளிதழ்களோடு தமிழ் முரசும் அதில் அடக்கம். எனக்கு இதில் இரண்டு எண்ணமும் உண்டு. சின்ன மொழிக்குச் சந்தை மட்டும் சோறு போடாது, ஆகவே நிதி வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே நேரத்தில், அரசாங்கப் பணத்தில் ஓடும் நாளிதழ் வாசகரின் நம்பிக்கையைத் தினமும் புதிதாகச் சம்பாதிக்கவேண்டும். கடினமான கேள்விகளைக் கேட்பதில் அது தயங்கினால் வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

எல்லாரும் தப்பிக்கவில்லை. 2000இல் இலவச நாளிதழாக வந்த டுடே 2017இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது, 2024இல் மீடியாகார்ப்பின் சிஎன்ஏ செய்திப் பிரிவோடு இணைந்துவிட்டது. தி நியூ பேப்பர் 2021 டிசம்பரில் அச்சை நிறுத்தியது.

ஒலி, ஒளி பக்கம் நிலவரம் கொஞ்சம் தேவலை. தமிழ் நிகழ்ச்சிகளைக் காட்டும் வசந்தம் 2008இல் முழு ஒளிவழியானது. மீடியாகார்ப் 2013இல் தொடங்கிய டாகல் என்ற இணையக் காணொளிச் சேவைதான் 2020இல் மீவாட்ச் ஆனது. 2019 தொடக்கத்தில் பழைய தொடர்முறை (அனலாக்) ஒளிபரப்பு நின்றபின், நேரம் பார்த்து உட்கார்ந்து நாடகம் பார்க்கும் பழக்கம் இன்னும் தளர்ந்தது. ஒரே நாடகம் இப்போது தொலைக்காட்சியில் முழுதாக, செயலியில் தவணையாக, சமூக ஊடகத்தில் ஒரு நிமிடத் துண்டாக மூன்று இடத்தில் வாழவேண்டியிருக்கிறது. மூன்றுக்கும் வேலை தனி, மூன்றிலும் காசு தனித்தனியாகக் கொஞ்சம்.

பழைய ஊடகங்களில் இணையத்தோடு சுலபமாக ஒத்துப்போனது வானொலி என்பது என் கருத்து. தமிழ் வானொலியான ஒலி 96.8 கேட்பவருக்கு அது ஒரு நிலையம் என்பதைவிடத் தினமும் காலையில் பேசும் பழக்கமான ஒரு குரல். அந்தக் குரலுக்குரியவர் இன்ஸ்டகிராமில் தோன்றினால் நேயர் அங்கும் வருவார், மீலிசன் செயலியில் கேட்கலாம் என்றால் அங்கும் வருவார். விளம்பரமும் அப்படித்தான்: எழுதிக்கொடுத்த முப்பது விநாடியைவிட, படைப்பாளர் தன் சொந்தப் பேச்சில் ஒரு கடையைப் பற்றிச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்கள். இன்று செல்வாக்காளர்கள் என்று நாம் அழைக்கும் இளையர்கள் செய்வதும் இதுவே.

அதில்தான் ஒரு சிக்கலும் இருக்கிறது. நாளிதழில் விளம்பரத்துக்குக் கட்டம் போட்டிருப்பார்கள், எது செய்தி எது விளம்பரம் என்று பாட்டிக்கும் தெரியும். ஒரு செல்வாக்காளர் "நான் இந்தக் கிரீம்தான் பூசுகிறேன்" என்றால் அது அவர் கருத்தா, வாங்கிய காசா? சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் 2016இல் சமூக ஊடக விளம்பரத்துக்கென வழிகாட்டிகளை வெளியிட்டது, பணமோ பொருளோ பெற்றிருந்தால் அதைத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்பது அதன் சாரம். செய்தித் தளங்களிலும் ஒரு நிறுவனம் காசு கொடுத்து எழுதவைக்கும் கட்டுரைகள் வருகின்றன, மேலே சின்ன எழுத்தில் அப்படிப் போட்டிருக்கும். அந்தச் சின்ன எழுத்தைத் தேடிப் படிக்க நம் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பேன்.

இன்னொன்று. இப்போது எந்தத் தளத்துக்குப் போனாலும் "மின்னஞ்சல் கொடுங்கள், உள்நுழையுங்கள்" என்று கேட்கிறார்களே, ஏன்? இவ்வளவு நாள் ஒரு தளத்தில் நீங்கள் பார்த்ததை வைத்து இன்னொரு தளத்தில் விளம்பரம் துரத்தியது. அதற்கு உதவிய வசதிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. ஆப்பிள் 2021இல், செயலிகள் ஒருவரைப் பின்தொடர வேண்டுமானால் அவரிடம் அனுமதி கேட்டே ஆகவேண்டும் என்று மாற்றியது, மிகப் பலர் வேண்டாம் என்றார்கள். ஆகவே தன் வாசகர் யார் என்று தானே தெரிந்துவைத்திருக்கும் ஊடகத்துக்கு மறுபடியும் மதிப்பு வருகிறது. கொஞ்சம் நம்பிக்கை தரும் திருப்பம் இது, நாளிதழ்கள் இதைச் சரியாகப் பயன்படுத்தவேண்டும்.

தமிழ் ஊடகத்துக்கு இன்னொரு போட்டி வெளியிலிருந்து வருவதல்ல, மொழிக்குள்ளிருந்தே வருகிறது. சென்னையின் செய்தி ஒளிவழிகள், யூடியூபர்கள், சினிமா நேர்காணல்கள் எல்லாமே ஒரு தட்டலில் ஈசூன் வீட்டு வரவேற்பறைக்கு வந்துவிடுகின்றன. ஆள்பலத்திலும் எண்ணிக்கையிலும் அவர்களோடு மோத முடியாது. ஆனால் தொடக்கநிலை ஒன்றுக்குப் பிள்ளையைப் பதிவு செய்வது எப்படி, மசேநிதியில் (மத்திய சேமநிதியில்) என்ன மாறியிருக்கிறது, தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை சாலைகள் எப்போது மூடப்படும், தேக்கா சந்தை புதுப்பிப்புக்காக மூடினால் கடைக்காரர் எங்கே போவார் என்பதையெல்லாம் சென்னையிலிருந்து யாரும் நமக்குச் சொல்லமாட்டார்கள். சினிமாத் துணுக்கு போட்டுக் கிளிக் சேர்ப்பதை விட்டுவிட்டு இந்த உள்ளூர் வேலையில் நம் ஊடகங்கள் இன்னும் ஆழமாக இறங்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். 2024இல் கூகல் தேடலுக்கு மேலேயே செயற்கை நுண்ணறிவுச் சுருக்கங்களைக் காட்டத் தொடங்கியபின் இது இன்னும் அவசரம். எங்கும் கிடைக்கும் தகவலுக்கு இனி யாரும் உங்கள் பக்கத்தைத் திறக்கவேண்டியதில்லை, நேரில் போய்க் கேட்டு எழுதியதற்குத்தான் திறக்கவேண்டும்.

இதைப் படிப்பவர்களில் சிறு கடை வைத்திருப்பவர்களும் இருக்கலாம், தீபாவளிக்கு 500 வெள்ளியை எங்கே போடுவது என்று குழம்பலாம். என் யோசனை இதுதான். முதலில் கூகல் வரைபடத்தில் கடையின் நேரம், படம், தொலைபேசி எண் சரியாக இருக்கட்டும், அதற்குக் காசே இல்லை. தேடி வருபவருக்காகத் தேடல் விளம்பரத்தில் கொஞ்சம், புது ஆட்களுக்காகச் சமூக ஊடகத்தில் கொஞ்சம். உங்கள் வாடிக்கையாளர்கள் ஐம்பது வயதைத் தாண்டிய தமிழ்க் குடும்பங்கள் என்றால் நாளிதழையும் வானொலியையும் ஒதுக்காதீர்கள், அங்கே போடும் விளம்பரத்தில் ஒரு கியூஆர் குறியோ தனித் தள்ளுபடிச் சொல்லோ வைத்தால் எத்தனை பேர் அதைப் பார்த்து வந்தார்கள் என்று தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சேதி அனுப்புவது பலன் தரும், ஆனால் எண் கொடுத்தவரிடம் அனுமதி வாங்கிய பிறகே. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இலேயே வந்துவிட்டது, விளம்பர அழைப்பும் குறுஞ்செய்தியும் வேண்டாம் என்பவர்களுக்கான பதிவேடும் 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. அப்புறம், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் "எங்கே பார்த்து வந்தீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளட்டும், அடுத்த தீபாவளிக்கு எந்த இடத்தில் கூட்டவேண்டும், எதை நிறுத்தவேண்டும் என்று முடிவெடுக்க அந்த நோட்டு போதும்.